பாப்பா மனப்பாடம் செய்த வசை

ஜூன் 2

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் மாப்பிள்ளை போனை வாங்கி, "அக்கா, சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடுறோம்" என்று வைத்துவிடுவார். அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. காகிதத்தில் யாரும் என்னை வைத்துவிட முடியாது.

முதுகு பரவாயில்லை. கைத்தடி இல்லாமல் பஸ் நிறுத்தம் வரை நடக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ரொம்ப நேரம் நிற்க மட்டும் கூடாதாம். தலைமையாசிரியர் எனக்காக ஓர் உயரமான ஸ்டூல் செய்யச் சொல்லியிருக்கிறார். இனிமேல் நான் உட்கார்ந்தபடியே கரும்பலகையில் கணக்குப் போடப் போகிறேன், பல் டாக்டர் மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆபரேஷன் என்றதும் என் பிள்ளை சிட்டுவை உன்னிடம் விட்டேன். உன் அத்தான் லாரியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வேறு யாரிடம் விடுவேன்? நீ அவளைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாய். அதற்கு நன்றி சொல்லிவிட்டேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன நடந்தது தெரியுமா?

"நல்லா இருக்கியாடி?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "'நல்லா'ன்னா எந்த அர்த்தத்துல கேக்குறம்மா?" என்கிறாள்.

"வயிறு நிறைஞ்சிருக்கிற அர்த்தத்துல!"

"அப்போ ஆமா. ஆனா சொல்லுக்கு முதல்ல அர்த்தம் முடிவு பண்ணிட்டுத்தான் பேசணும்னு சித்தி சொன்னாங்க."

சித்தி சொன்னாங்க. சித்தி வாசிச்சாங்க. சித்தி வீட்ல இப்படித்தான். பத்து நிமிஷப் பேச்சில் 'அம்மா' என்ற சொல் என்னைக் கூப்பிட மட்டும்தான் வந்தது. பதினொரு வருஷம் வளர்த்தவளுக்குக் காதில் புகை வராமல் என்ன செய்யும்?

பள்ளி ஜூலை முதல் தேதி திறக்கிறது. அதற்குள் அவளை அனுப்பி வை. அவளுடைய கறுப்பு ஷூ காலுக்குப் போதுகிறதா என்று பார்த்துச் சொல்.

அக்கா


ஜூன் 9

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தைப் பிள்ளைகள் முன்னால் பிரித்துவிட்டேன். பல் டாக்டர் வரியைப் படித்து எல்லோரும் சிரித்தோம். மீதியைத் தனியாகப் படித்தேன்.

ஷூ போதவில்லை. பெருவிரல் முட்டுகிறது. இங்கே வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் என்பதால் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று நீ சரியாகக் கேட்டதே இல்லை, அக்கா. கேட்கிற மாதிரி ஆரம்பித்துக் கிண்டலில் முடிப்பாய். அதனால் எழுதுகிறேன். காலையில் முதலில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் பாடுவோம். பிறகு துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இலத்தீன் சொற்களை ராகம் போட்டுச் சொல்வோம். மேல்மாடிக்காரர் ஒரு நாள் இறங்கி வந்து, "யாருக்காவது பேய் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். நான் ஒரு கதையையோ சரித்திரத்தையோ ஒரே ஒரு தடவை வாசிப்பேன். கேட்டதைப் பிள்ளைகள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நடையில் கொடி கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் ராஜாக்களையும் தீர்க்கதரிசிகளையும் வருஷ வரிசையில் மாட்டியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போது யாராவது ஒரு சக்கரவர்த்தி அவர் தலையில் விழுவார்.

ஆண்டவரை ஒரு பாத்திரத்திலும் அறிவை இன்னொரு பாத்திரத்திலும் பரிமாறக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம். சின்ன வயதில் மனப்பாடம், அடுத்து தர்க்கம், அதற்கு மேல் பேச்சுக்கலை. பழைய காலத்தில் இப்படித்தான் படித்தார்கள். எங்கள் சபையில் இன்னும் சில குடும்பங்களும் இப்படிச் செய்கின்றன.

சிட்டுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்தபோது வாயே திறக்காதவள். இப்போது அவள் திருப்பிச் சொன்னால் நான் வாசித்ததைவிட நன்றாக இருக்கிறது. என் மூத்தவன் ஒரு வருஷமாக முக்கிக்கொண்டிருந்த பாடத்தை அவள் வந்த சுருக்கில் பிடித்துவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறது. அவனுக்குத்தான் கொஞ்சம் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷம்தான்.

தப்பா நினைக்காதே அக்கா. இன்னும் ஒரு வருஷம் அவள் இங்கேயே இருக்கட்டுமே? உன் பள்ளிக்கூடத்தில் அவளை 'டீச்சர் பொண்ணு' என்று ஒதுக்கி வைத்தார்கள் என்று நீயே சொன்னாய். இங்கே மலர்ந்திருக்கிற பிள்ளையை ஏன் மறுபடி அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்? உன் முதுகும் முழுசாகத் தேறட்டும். ஜெபித்துப் பார். ஆண்டவர் நடத்துவார்.

உன் தங்கச்சி

பி.கு. பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. மேசைக்கு அடியில் பொம்மையோடு உட்கார்ந்திருப்பாள். பெரியவர்கள் மூன்று நான்கு தடவை எதைச் சொன்னாலும் அப்படியே ஒப்பிக்கிறாள், என் வீட்டுக்காரர் லிப்ட் கம்பெனியோடு சண்டை போட்டது உட்பட.


ஜூன் 15

தங்கச்சி,

ஒரு வருஷமா!

துவைத்த துணியைக் கடன் கேட்கிற மாதிரி என் பிள்ளையை ஒரு வருஷம் கேட்கிறாய். உன் 'தப்பா நினைக்காதே'யைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், அடுத்த வரியில் வில்லங்கம் இருக்கிறது என்று.

சரி, நானும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. வேறு நல்ல பெயர் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. உனக்கு என் பிள்ளையோடு சேர்த்து மூன்று பிள்ளைகள், ஒரு மேசை, ஒரு ஜன்னல், மணி அடிக்காத பகல். எனக்கு ஒரு வகுப்புக்கு நாற்பத்து மூன்று பேர். நான் பின்னத்தைப் புரியவைத்து முடிக்கும்போது கடைசி பெஞ்சில் ஒருத்தி தலைவலி என்பாள், இன்னொருவன் பேனா மையைச் சட்டையில் கொட்டுவான், வராந்தாவில் பி.டி. மாஸ்டர் விசில் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் பெண்ணும் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் தனியாகக் கவனித்தால் மற்றவர்கள் பேசுவார்கள் என்று நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், என் பிள்ளைக்குப் படிப்பு பிடித்தது உன் வீட்டில். வயிறு எரியாதா?

இதையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்துக்கொள். பள்ளி நூலகத்தில் ஓர் இலத்தீன் பாடப் புத்தகம் இருக்கிறதாம். விடுமுறையில் பியூனை அழைத்துக்கொண்டு போய் எடுத்து வந்தேன். அவள் வந்து ஏதாவது சொன்னால் முழிக்கக் கூடாது அல்லவா? முதல் பக்கத்தைத் திறந்ததும் தூசியில் தும்மல் பிடித்து, தும்மலில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் படுத்துவிட்டேன். உன் பழைய காலத்துப் படிப்பு எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

மலர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். மலரட்டும். தொட்டி என்னுடையது.

அத்தான் மாதக் கடைசியில் உன் ஊர் வழியாகத்தான் சரக்கு ஏற்றி வருகிறார். அவளை ஏற்றி அனுப்பு. புது ஷூ வாங்கி வைத்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 21

இதற்கு மரியாதையாகத் தொடங்க எனக்கு மனம் இல்லை.

இன்று சிட்டுவோடு பேசலாம் என்று கூப்பிட்டேன். பாப்பா எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க, சிட்டு அக்கா கீழ போயிருக்காங்க" என்றாள். சரி, நீ என்ன படிச்ச, பெரியம்மாவுக்குச் சொல்லு என்றேன். குழந்தை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், எனக்கு மறக்காது.

"அவையோரே! என் தாய் ஒரு கணக்கு ஆசிரியை. ஊர்ப் பிள்ளைகள் தவறு செய்தால் பொறுமையாகத் திருத்துவார். நான் கேள்வி கேட்டால் 'வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்பார். வீட்டில் கேட்டால் 'வகுப்பில் ஏன் கேட்கவில்லை' என்பார். அவையோரே, நான் எங்கேதான் கேட்பது? என் தலையைப் பின்னும்போது அவர் கண் விடைத்தாள் கட்டின் மேல் இருக்கும். பள்ளியில் அவரை டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த டீச்சர் போகவே இல்லை. இப்படிப்பட்டவரைத் தாய் என்பதா, தலைமையாசிரியரின் தூதர் என்பதா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்!"

முடித்துவிட்டு, "நல்லா சொன்னேனா பெரியம்மா?" என்று கேட்டாள். நல்லா சொன்ன கண்ணு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அது ஐந்து வயதுக் குழந்தையின் பேச்சா? என் பிள்ளை தானாக அப்படிப் பேசுவாளா? யாரோ எழுதிக் கொடுத்து, பாடம் மாதிரி உரு ஏற்றியிருக்கிறார்கள். காலையில் சங்கீதம், பத்து மணிக்கு இலத்தீன், பதினொரு மணிக்குப் பெற்றவளைத் திட்டுவதா? இதுதான் ஆண்டவரையும் அறிவையும் ஒரே பாத்திரத்தில் பரிமாறுகிற அழகா?

உனக்கு என் பிள்ளை வேண்டும் என்றால் கேட்டாய், நான் தர மாட்டேன் என்றேன், அதோடு விட்டிருக்கலாம். அவள் மனதில் என்னைக் கறுப்படித்துவிட்டு அவளை எடுத்துக்கொள்ளப் பார்த்தாய். கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது?

இனி உன் வீட்டு நம்பருக்கு நான் கூப்பிட மாட்டேன்.


ஜூன் 25

அக்கா,

நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் அதை நம்பு. மீதியைப் படித்துவிட்டுத் திட்டு.

பேச்சுக்கலையில் ஒரு பழைய பயிற்சி உண்டு. பிள்ளைகள் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரைப் பற்றி முதலில் ஒரு வசை பேச வேண்டும். பிறகு அதே ஆளைப் பற்றி வாழ்த்து. இரண்டிலும் பொய் இருக்கக் கூடாது. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும் என்று பார்க்கப் பழகுவதற்காகத்தான். நடையில் தொங்குகிற ராஜாக்களில் யாரையாவது எடுப்பார்கள் என்று நினைத்து, "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளா எடுத்துக்கோங்க" என்றேன். மூத்தவன் ரோமாபுரிக்குத் தீ வைத்ததாகச் சொல்லப்படுகிற சக்கரவர்த்தியை எடுத்தான். சிட்டு உன்னை எடுத்தாள்.

அப்போதே தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஏன் என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். அவள் உன்னைப் பற்றி என்ன குறை சொல்வாள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

அந்த வசையை அவள் வாரம் முழுவதும் நடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து சொல்லிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் இருந்த பாப்பாவுக்கு அது போதுமே. வாழ்த்தை மட்டும் சிட்டு ஒத்திகை பார்க்கவே இல்லை. அவள் முறை வந்ததும் எழுந்து நின்றாள், ஒரே ஒரு தடவை சொன்னாள். அதனால் பாப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். 'அவையோரே' எல்லாம் இல்லை, சும்மா பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"எங்கம்மா தப்புக் கணக்கை அடிக்க மாட்டாங்க. பக்கத்துல சின்னதா ஒரு கேள்விக்குறி போடுவாங்க. எங்க தப்புன்னு நாமளே தேடணும். கண்டுபிடிச்சுட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அவங்க டிபன் பாக்ஸ்லேர்ந்து ஒரு வாய் குடுப்பாங்க. எல்லாருக்கும்தான் குடுப்பாங்க. அதனால அவங்களுக்கு மத்தியானம் பாதி சாப்பாடுதான் இருக்கும். ஆஸ்பத்திரில முதுகைத் திருப்ப முடியாம படுத்திருந்தப்போ, என்னைப் பக்கத்துல கூப்பிட்டுத் தலையைப் பின்னி விட்டாங்க. கோணலா இருந்துச்சு. நான் மூணு நாள் அவுக்கல."

இவ்வளவுதான் அக்கா. அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். சபையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். நாற்பத்து மூன்று பேருக்கு நடுவில், விசில் சத்தத்தில், நீ அதை எப்போதோ செய்து முடித்திருக்கிறாய்.

எனக்கு மனசு ஆறவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், "சித்தியப் பத்திப் பேசச் சொன்னா என்னடி பேசுவ?" என்று விளையாட்டாகக் கேட்டேன். விளையாட்டே இல்லை. கையைத் துடைத்துவிட்டு நேராக நின்றாள். "சித்தி ரொம்ப நல்லவங்க. பொறுமையா சொல்லித் தருவாங்க" என்றாள். சரி, வசை?

பாத்திரத்தை மறுபடி எடுத்துத் துடைத்தாள். பிறகு, "உங்களத் திட்ட ஒண்ணுமே வரல சித்தி" என்றாள்.

வேறு யாராவது கேட்டால் பூரித்துப் போவார்கள். நான் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். உன்னைப் பற்றி அவளால் வாரம் முழுவதும் பேச முடிகிறது. என்னைப் பற்றி இரண்டு வரி, அதுவும் நன்றிக் கடிதம் மாதிரி. நான் பெற்றவனோ என்னை விட்டுவிட்டு, செத்துப்போன சக்கரவர்த்தியை எடுக்கிறான். உனக்குப் பொறாமை என்று எழுதியிருந்தாய். என்னுடையதைக் கொஞ்சம் எட்டிப் பார்.

அத்தான் வரட்டும். துணிமணிகளை மடித்து வைத்திருக்கிறேன்.

தங்கச்சி


ஜூலை 8

தங்கச்சிக்கு,

சிட்டு வந்துவிட்டாள். லாரியிலிருந்து குதித்து இறங்கினாள். ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். நான் வாங்கிய புது ஷூவும் பத்தவில்லை, சிரிக்காதே.

மேசையில் உட்காரவைத்து, "உன் வசையை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றேன். முதலில் மாட்டேன் என்றாள். "பொய் இருக்கா அதுல?" என்றேன். "இல்ல." "அப்போ சொல்லு." எழுந்து நின்று, அத்தானைப் பார்த்து, "அவையோரே" என்றாள். அந்த மனிதர் சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முழுவதையும் கேட்டேன். மறுத்துப் பேச ஓர் இடம் கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. இப்போது தலை பின்னும்போது விடைத்தாள் கட்டை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். பின்னல் இப்போதும் கோணல்தான்.

பள்ளிக்கூடம் போகிறாள், என் வகுப்புக்கு இல்லை, பக்கத்து வகுப்புக்கு. நானே மாற்றச் சொன்னேன். அங்கே என்னைத் தெரியாதவள் மாதிரி நடந்துகொள்கிறாள், ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸுக்கு மட்டும் வந்துவிடுகிறாள். காலையில் குளிக்கும்போது உன் இலத்தீன் ராகம் கேட்கிறது. கேட்டால் இன்னும் எனக்கு எரியத்தான் செய்கிறது. சாயங்காலம் நாங்கள் இருவரும் அந்தத் தூசிப் புத்தகத்தைத் திறக்கிறோம். அவள் டீச்சர், நான் கடைசி பெஞ்ச்.

உன்னைத் திட்ட ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னது இது: "சித்தி என்னைத் திட்டினதே இல்லம்மா. அவங்க பையன் தப்புப் பண்ணினா சத்தம் போடுவாங்க. நான் தப்புப் பண்ணினா 'பரவால்ல கண்ணு'ம்பாங்க. என்னையும் எப்பத் திட்டுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போன் பக்கமே போகாமல் இரண்டு நாள் இருந்தேன். பிறகு உன் முறைப்படியே உட்கார்ந்து எழுதினேன். உன்னைத் திட்ட யாரும் இல்லை என்று அழுதாயே, இந்தா, வாங்கிக்கொள்.

அவையோரே! என் தங்கை தப்பு செய்வதற்கு முன்பே 'தப்பா நினைக்காதே அக்கா' என்று முன்ஜாமீன் வாங்கிக்கொள்பவள். 'ஆண்டவர் நடத்துவார்' என்று எழுதுவாள், அவர் செருப்பு மாட்டுவதற்குள் தானே இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் சமையலறையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அடுக்கி வைத்தாள். அவையோரே, டீ வடிகட்டி இன்று வரை கிடைக்கவில்லை! சண்டை தோற்கப் போகிறது என்று தெரிந்தால் அழுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, என் மகள் மே மாதமே அவளிடம் போய், 'அம்மா நடக்கிறார்களாமே, நான் வீட்டுக்குப் போகலாமா?' என்று கேட்டாள். 'இந்தப் பாடம் முடியட்டும்' என்றாள் இவள். அந்தப் பாடம் முடிந்தது, அடுத்ததை எடுத்தாள். அதன் பிறகு எனக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா? அங்கே கேட்டுக்கொண்டு என் பிள்ளை, இங்கே வயிறு எரிந்துகொண்டு நான், நடுவில் பாடம் நடத்திக்கொண்டு இவள். இப்படிப்பட்டவளைத் தங்கை என்பதா, தாழ்ப்பாள் என்பதா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்!

இதில் பொய் இருந்தால் கேள்விக்குறி போட்டு அனுப்பு.

வாழ்த்தை எழுதவில்லை. அதற்கு ஒத்திகை வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, எழுந்து நின்று ஒரே தடவை சொல்கிறேன். முதுகு அதுவரை தாங்கும்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

கேள்விக்குறி ஒன்றும் இல்லை. வடிகட்டி அரிசி டின்னுக்குப் பின்னால்.

மே மாத விஷயத்தை நீ எழுதிய இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எடுத்தேன். என்ன எழுதினாலும் சப்பைக்கட்டாகத்தான் இருக்கும். வந்து நிற்கிறேன், நேரில் திட்டு.

நேற்று மூத்தவன் இலத்தீனில் தூங்கி வழிந்தபோது சத்தம் போட்டேன். உடனே அவன், "அடுத்த வாரம் உங்கள எடுக்கப் போறேன்மா" என்றான். வசையில் என்ன வரும் என்று நான் கேட்கவில்லை.

ஒரு தொந்தரவு ஆகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் வசையை நான் சத்தமாகப் படித்திருக்கிறேன். ஒரு தடவை என் வீட்டுக்காரருக்கு. அப்புறம் எனக்கே, சில தடவை. மேசைக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் நிற்கும்போது, போதகர் பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "பாப்பா புதுசா என்ன படிச்சீங்க?" என்று கேட்டார். அவள் தொண்டையைச் செருமினாள்.

"அவையோரே! என் தங்கை தப்பு செய்வதற்கு முன்பே..."

என் வீட்டுக்காரர் அவள் வாயைப் பொத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வடிகட்டிக்குச் சிரித்தார்கள். மே மாதத்துக்கு யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் வரைக்கும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

"யாரும்மா இதை எழுதினது?" என்று போதகர் கேட்டார்.

"எங்க அக்கா," என்றேன்.

தங்கச்சி